மேல வார்டுப் புளியமுத்து

ஜெபமலர் சிஸ்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து என்று நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம். ஒருமுறை நான் வெந்நீர்ப் பையைத் துண்டு சுற்றாமல் ஓர் அம்மாளின் வயிற்றில் வைக்கப் போனேன். அன்றைக்கு அவர் குரல் தரையோடு தரையாகப் போய்விட்டது. சுவரோரம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகள் நின்று, தங்களைத்தான் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தன. பக்கத்தில் நின்ற ஷமீம் பானுவும் அதைப் பார்த்தாள். சந்தேகம் உள்ளவர்கள் அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சிஸ்டருக்குச் சுரண்டைப் பக்கம் ஊர். அப்பா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகள் வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அதற்கு மேல் நர்சுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற படிப்பும் முடித்து, ஐம்பத்தேழாம் வருஷம் எங்களிடம் வந்து சேர்ந்தார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் அப்போது எங்கள் ஆஸ்பத்திரி இருந்தது. நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தினார்கள். மேற்கே மேல வார்டு, கிழக்கே கீழ வார்டு, நடுவில் ஆபரேஷன் அறை, பின்னால் நர்ஸ் படிக்கிற பெண்களுக்கு ஓட்டுக் கூரை போட்ட ஒரு கூடம். அந்தக் கூடத்தில் நானும் ஷமீம் பானுவும் ஒரே பெஞ்சு. அவள் தென்காசியில் தறி நெய்கிற வீட்டுப் பெண். நான் நர்ஸ் படிக்க வந்ததை என் பெரியப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் ஜலதோஷம் பிடித்தால் முதலில் எனக்குத்தான் ஆள் அனுப்புவார்.

சிஸ்டர் குட்டையான உருவம். கை மட்டும் பெரியது. அந்த உயரத்துக்கு அந்தக் கை பொருந்தவே பொருந்தாது, யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். மார்கழியிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் பார்க்க நெற்றியில் அந்தக் கையை வைத்தால், எடுக்கும்போது நோயாளியின் தலையும் கூடவே எழுந்து வரும்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பிள்ளைகளுக்குக் கட்டுப் போடவும், ஊசி கொதிக்க வைக்கவும், படுக்கை விரிக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள். இவர் அதோடு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். இதம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்காதே, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டு ஊறவிடு. ஊசியை மறைத்துக்கொண்டு போகாதே, போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடு. முழங்காலுக்கு அடியில் சின்னத் தலையணை வை, வயிற்றுத் தையல் இழுக்காது. மெதுவாக மூச்சு விடச் சொல், நீயும் கூட விடு. பெண்களுக்கு முதுகு தடவிவிடு. பேச்சு கொடு.

"பேச்சு கொடுக்கதுன்னா அரட்டை இல்ல ஏட்டி" என்பார். "அவுக வயலைப் பத்திக் கேளு. அவுக மாட்டைப் பத்திக் கேளு. ஒன் வீட்டுச் சண்டையை அங்கன கொண்டு போயிராத."

என் வீட்டுச் சண்டை நன்றாக இருக்கும், கேட்டால் யாருக்கும் வலி தெரியாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

பெரிய டாக்டர் பால்வண்ணநாதன் இதற்கெல்லாம் எதிரி என்று சொல்ல முடியாது. அவருக்கு நேரம் கிடையாது. வராந்தாவில் அவர் நடந்து போனால் பின்னாலேயே காகிதங்கள் பறந்து போகும். ஒருநாள் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தவர், ஷமீம் பானு ஓர் அம்மாளுக்கு முதுகு தடவிக்கொண்டிருந்ததைக் கண்டார். வகுப்புக்கு நேரே வந்துவிட்டார்.

"சிஸ்டர், முதுகு தடவுத நேரத்துல ஒரு பிள்ளை நாலு படுக்கை மாத்திரும். எனக்கு ஆள் பத்தாது. வலிக்குத்தான் ஊசி இருக்கே?"

"ஊசிக்குப் பயந்து வலிக்குதே சார், அதுக்கு எந்த ஊசி போடுவிய?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "பேச்சுக்கு நல்லாருக்கு. எனக்குப் பேச்சு வேண்டாம், வலி குறையுதுன்னு காட்டுங்க. ரெண்டு வார்டுலயும் ஒரே ஆபரேஷன், ஒரே மருந்து. ஒண்ணுல உங்க இதம், ஒண்ணுல வழக்கம்போல. குறைஞ்சா வகுப்பு இருக்கும், எல்லா வருஷமும் இருக்கும். குறையலன்னா தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு ஸ்டோர்ல ஒரு படிச்ச ஆள் வேணுமாம். துணி ரூமை நீங்க பார்த்துக்கிடணும்."

தில்லைநாயகம் ஸ்டோர் கீப்பர். புதுப் பஞ்சு கேட்டால், பழைய பஞ்சைக் கொண்டுவந்து காட்டு என்பார். காட்டினால், இதில் இன்னும் ஒரு ஓரம் வெள்ளையாக இருக்கிறதே என்பார். அவருடைய துணி ரூம் ஆஸ்பத்திரியின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சவுக்காரமும் ஈரமும் கலந்த ஒரு வாடை. போர்வையைச் சலவைக்கு எண்ணிப் போடுவதும் எண்ணி வாங்குவதும்தான் அங்கே வேலை.

அன்று மாலை சிஸ்டர் எங்கள் கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பக்கத்தில் போய் நின்றோம்.

"துணி ரூமுன்னா வேலை கம்மிதானே சிஸ்டர்?" என்றாள் ஷமீம் பானு, ஆறுதலாக இருக்கட்டுமென்று.

"போர்வைக்கு வலிக்காதே ஏட்டி" என்றார் சிஸ்டர். "அங்கன போயி நான் என்னத்த செய்ய?"

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரல் காலம். மலையிலிருந்து தூறலும் காற்றுமாக வந்து வார்டு ஜன்னல்களில் தலையை நுழைக்கும். குளிர்ந்த காற்றும் ஓர் இதம்தானே, அதை மேல வார்டுக்கு மட்டும் விடலாமா என்று நான் கேட்டேன். கீழ வார்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள், இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார் சிஸ்டர். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக எதுவும் போய்விடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

மேல வார்டில் இதம். அங்கே நானும் ஷமீம் பானுவும். கீழ வார்டில் வழக்கம்போல. அங்கே வகுப்புக்கு இன்னும் வராத புதுப் பிள்ளைகள். அதில் அலிமா என்று ஒருத்தி இருந்தாள். நல்ல பெண். ஆனால் அவள் கட்டைப் பிரிக்கும்போது வீறிட்ட சத்தத்துக்குக் குற்றாலம் போகிற பஸ் ஒருநாள் பிரேக் போட்டு நின்றது. யார்மேலோ ஏற்றிவிட்டோம் என்று டிரைவர் இறங்கிச் சக்கரத்தின் அடியில் பார்த்துவிட்டுப் போனார்.

இனி வலியை எப்படி அளப்பது? வடக்கே படித்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டி, உன் வலி இதில் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்பார்களாம். இங்கே அப்படிக் கேட்டால் நம்மவர்கள் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சிஸ்டர் யோசித்துப் புளியமுத்தைப் பிடித்தார், புளியங்கொட்டையைத்தான் சொல்கிறேன். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பையில் புளியமுத்து. கட்டு மாற்றினாலும் ஊசி போட்டாலும், முடிந்ததும் நர்ஸ் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்ட வேண்டும். வலிக்கவே இல்லையென்றால் போட வேண்டாம். கொஞ்சம் வலித்தால் ஒன்று. தாங்க முடியாவிட்டால் ஐந்து. போட்டதை நர்ஸ் தன் பெயர் எழுதிய டப்பாவில் கொட்டிக்கொள்ள வேண்டும்.

"அவுக போடுதப்ப நீங்க முகத்தைத் திருப்பிக்கிடணும்" என்றார் சிஸ்டர். "ஏன் இத்தனை, ஏன் இவ்வளவுதான்னு ஒரு வார்த்தை கேக்கப்பிடாது. கேட்டா, ஒங்க முகத்தைப் பார்த்துப் போட ஆரம்பிச்சிருவாவ."

நல்ல விதிதான். அந்த விதிதான் எங்களைக் கவிழ்த்தது.

மேல வார்டில் நடுவே ஒரு மறைப்பு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பெண்கள் பக்கம் முதல் கட்டில் உலகம்மாள் ஆச்சியுடையது. சுந்தரபாண்டியபுரத்தில் வயலும் மாடும் உள்ளவர், வயிற்றில் கட்டி எடுத்திருந்தது. ஆண்கள் பக்கம் மறைப்பை ஒட்டிய கட்டிலில் தளவாய் அண்ணாச்சி. ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். தான் தேய்த்த எண்ணெயிலேயே வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர். ஆண்கள் பக்கம் முதுகு தடவுகிற பேச்சே எடுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே தலையணையும் மூச்சும் பேச்சும் மட்டும். தளவாய்க்கு அதில் தீராத குறை.

"தொழில்காரன் நான் இங்கன காய்ஞ்சு கிடக்கேன், அங்கன முதுகு தடவுதாவளாம்" என்பார் மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, கையோசையை வைத்தே பாடமும் எடுப்பார். "தாயி, கட்டை விரலை வச்சு அமுக்காத. உள்ளங்கையை வழுக விடு."

"ஏலே தளவாயி, நீ ஒன் காலைப் பாரு" என்பார் உலகம்மாள் ஆச்சி. "எம் முதுகு கிடக்க கிடை எனக்குத் தெரியும். எம் பிள்ளை தடவுதது பூவால தடவுத மாதிரி இருக்கு."

எம் பிள்ளை என்றால் ஷமீம் பானு. அவள் ஆச்சியின் மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரிப்பாள். எந்த மாடு எந்தக் கன்றை ஈன்றது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆச்சி கட்டு மாற்றும்போது முனகக்கூட மாட்டார், மயிலைக்காளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். தளவாய் என் கட்சி. நான் அருவிக்கு வந்து போகிற பணக்காரர்களைப் பற்றிக் கேட்பேன். முதுகை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாராம். அவர் சொன்னதில் பாதியை நான் நம்பினேன், மீதியை வெளியே சொல்லும்போது கொஞ்சம் வளர்த்துக்கொண்டேன்.

எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். ஆனால் சிரட்டை நிறைந்தது. முதலில் ஒன்றும் இரண்டுமாக விழுந்த முத்து, போகப் போகப் பொலபொலவென்று விழத் தொடங்கியது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். காதில் மட்டும் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற சத்தம் கேட்கும். மங்களேஸ்வரி என்று என் பெயர் எழுதிய டப்பா நிறைந்து இன்னொரு டப்பா வாங்கினேன். ஷமீம் பானு எண்ணெய் டின் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கீழ வார்டில் அலிமாவின் டப்பாவோ குலுக்கினால் சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

ஷமீம் பானு ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். "என் கையில என்னமோ இருக்குடி. நான் தொட்டா வலி கூடுது. ஆச்சி வாயைத் திறக்காமத் தாங்கிக்கிடுதாவ."

டாக்டரிடம் டப்பாக்களைக் கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அவள் சிஸ்டரிடமே போய்க் கேட்டுவிட்டாள். "கொஞ்சத்த அள்ளி வெளிய போட்டா என்ன சிஸ்டர்? யாரு பார்க்கப் போறா?"

சிஸ்டர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, குரல் அவ்வளவு இறங்கியிருந்தது. ஷமீம் பானு டின்னை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் டாக்டரின் மேசையில் மேல வார்டு முத்தைக் கொட்டினோம். குவியல் உயர்ந்து உயர்ந்து டாக்டரின் முகத்தையே மறைத்துவிட்டது. பக்கத்தில் கீழ வார்டு முத்து, பல்லாங்குழிப் பாண்டி ஆடக்கூடக் காணாது. டாக்டர் எழுந்து நின்று குவியலுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்று சொல்ல மாட்டேன்.

"சிஸ்டர்" என்றார்.

"தெரியுது சார். மேல வார்டுலதான் வலி கூட." சிஸ்டரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கண்டதைக் கண்டபடிதான் ஒத்துக்கிடணும். நாளைக்கே துணி ரூம் சாவியை அண்ணாச்சிக்கிட்ட வாங்கிக்கிடுதேன்."

டாக்டரின் கை மேசையைத் துழாவியது. சங்கடம் வந்தால் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக் கடிக்கிற வழக்கம் அவருக்கு. பென்சிலையெல்லாம் பாதியாக்கியிருக்கிறார். அன்றைக்கு அகப்பட்டது புளியமுத்து. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தவர், மெல்ல ஆரம்பித்தார். மென்றுகொண்டே இன்னொன்றை எடுத்தார்.

"நீங்க முத்தை வறுத்தா கொடுத்திய?"

"இல்லையே சார். பச்சை முத்துதான்."

"இது வறுத்தது. தோல் நீக்கி, உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, பதமா வறுத்திருக்கு." இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டார். "வீட்டுல செஞ்சது. ஆஸ்பத்திரி முத்துக்கு நடுவுல வீட்டு முத்து எப்படி வந்தது?"

சிஸ்டர் குனிந்து குவியலைக் கையால் அளைந்தார். வறுத்தது, வறுக்காதது, பெரிசு, சிறிசு, புதுசு, பழசு. ஏதோ ஒரு வீட்டிலிருந்து பாண்டி ஆடி ஆடி வழவழப்பான முத்துகூட வந்திருந்தது. டாக்டர் எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"ஆச்சி, கட்டு மாத்துதப்ப ரொம்ப வலிச்சுதோ?" என்று கேட்டார் சிஸ்டர், உலகம்மாள் ஆச்சியின் கட்டிலில் உட்கார்ந்து.

"வலியா? அது எங்கன இருந்துச்சு. எம் பிள்ளை கை பட்டா ஒறக்கமில்லா வருது."

"பிறகு எதுக்கு ஆச்சி இத்தனை முத்துப் போட்டிய?"

ஆச்சி சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்கிற பார்வை. "அந்த மங்களேஸ்வரி டப்பாவுல கும்பமா கிடக்கு. எம் பிள்ளை டப்பா அரையும் கொறையுமா இருந்தா நல்லாவா இருக்கும்? இத்தனை பாடுபடுத பிள்ளைக்குப் புளியமுத்தப் போயிக் கொறைக்கவா? குடுத்த பை தீர்ந்து போச்சு. ஊருல சொல்லிவிட்டேன், எம் மருமவ அரைப்படி கொண்டாந்தா."

மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து தளவாய் குரல் கொடுத்தார். "அரைப்படின்னு சொல்லாதிய ஆச்சி. மூடை வந்து எறங்குனதை நான் படுத்துக்கிட்டே மறைப்புக்கு அடியில பார்த்தேன். நான் பொறவு என்ன செய்ய, மங்களேஸ்வரியம்மாவ விட்டுக் குடுக்க முடியுமா? அருவிக்கரைக்குச் சொல்லிவிட்டேன். எண்ணெய் போடுதவன் ஒருத்தன் விடாமக் கொண்டாந்து தந்தான்."

"அந்த முத்து வலிக்குக் கணக்கு, அண்ணாச்சி. கொஞ்சம் வலிச்சா ஒண்ணு, தாங்க முடியலன்னா அஞ்சு. முதல் நாளே சொன்னேன்லா?" என்றார் சிஸ்டர்.

"சொன்னிய. அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதியன்னுல்லா நெனைச்சோம். நர்சம்மா வந்து நின்னு, சிரட்டைய நீட்டிட்டு, கூச்சத்துல மொகத்தைத் திருப்பிக்கிடுதாவ. வெறுஞ்சிரட்டையோட அனுப்ப மனசு வருமா?"

சீர் வரிசை என்றே நினைத்திருக்கிறார்கள். கீழ வார்டில் விசாரித்தபோது ஒருவர் சொன்னார், "அந்தப் பிள்ளை பண்ணுத பாட்டுக்கு முத்து வேறயா, போங்க அம்மா" என்று.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும், "செல்லாது" என்றார். "இந்தக் கணக்கு ரெண்டு பக்கமும் செல்லாது. ஆனா சிஸ்டர், துணி ரூமும் இப்போதைக்குச் செல்லாது. சாரல் முடியதுக்குள்ள மறுபடி செய்யுங்க. இந்தத் தடவை வார்டை மாத்துவோம். இந்த ரெண்டு பிள்ளைங்க மேல உள்ள பிரியமா, இல்ல நீங்க சொல்லிக் குடுத்ததோட பலனான்னு தெரியணும். கீழ வார்டுப் பிள்ளைங்களுக்கு முதல்ல வகுப்பு எடுங்க."

"சிரட்டையை நர்சுக நீட்டக் கூடாது சார்" என்றார் சிஸ்டர். "மூணாவது ஆள் வேணும். பிரியத்துல ஒரு முத்துக்கூடப் போடத் தோணாத ஆள்."

டாக்டரும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் வராந்தாவின் கோடியைப் பார்த்தார்கள். அங்கே தில்லைநாயகம் ஒரு பழைய பஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, அதில் வெள்ளை ஓரம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் குவியலை என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரிப் பின்புறம் கொட்டினார்கள். மழைக்கு முளைத்துப் பின்சுவரையே தூக்கிவிட்டது. அப்போது முளைத்த கன்றுகளைப் பிடுங்கி நட்டதுதான் அந்தச் சாலைப் புளியமரங்களில் பாதி என்பது என் கருத்து. நெடுஞ்சாலைக்காரர்கள் வேறு சொல்வார்கள்.

தில்லைநாயகத்திடம் டாக்டரே பேசினார். "அண்ணாச்சி, ஒரு முக்கியமான பொறுப்பு. உங்களை விட்டா ஆளில்லை."

"என் நேர்மைக்காகத்தானே சார்?"

"பின்னே வேற எதுக்கு?" என்றார் டாக்டர். சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ வார்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. அலிமாவின் கையைச் சிஸ்டர் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வாழையிலையில் ஒட்டிய துணியை இலை கிழியாமல் எடுக்கப் பழக்கினார். முதல் நாள் ஆஸ்பத்திரி வாழைத்தோப்பில் பாதி கந்தலானது. அலிமா முரட்டுத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை, பயத்தால் செய்தாள் என்பது அங்கேதான் தெரிந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்கிற பயம். "நீ முதல்ல மூச்சு விடு ஏட்டி, பொறவு அவுகள விடச் சொல்லு" என்பார் சிஸ்டர். நாளாக ஆக இலை கிழிவது நின்றது. ஒருநாள் கட்டு மாற்றிவிட்டு வெளியே வந்தவள், "அந்த அண்ணாச்சி கத்தவே இல்ல, சிஸ்டர். உசுரோடதான் இருக்காவளான்னு ரெண்டு தடவை பார்த்தேன்" என்றாள்.

எனக்கும் ஷமீம் பானுவுக்கும் அந்த நாட்கள் கஷ்டமாக இருந்தன. மேல வார்டில் வழக்கம்போல வேலை, கூடுதலாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. உலகம்மாள் ஆச்சி தேறி ஊருக்குப் போய்விட்டார். தளவாய், "இதம் எங்கன போகுதோ அங்கன என் கட்டிலையும் தள்ளுங்க" என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் மசியவில்லை.

கட்டு மாற்றி முடிந்து, நர்ஸ் அகன்ற பிறகு, தில்லைநாயகம் சிரட்டையோடு வருவார். யாரும் ஒரு முத்து அதிகமாகப் போடவில்லை. அவரைப் பார்த்ததும் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அவரிடம் வேறொரு சிக்கல்.

"அஞ்சா?" என்பார் தளவாயிடம். "நேத்து மூணுதானே போட்டீரு? ஒரே நாள்ல எப்படிக் கூடும்? யோசிச்சுப் போடும்."

"என் காலு, என் வலி. ஒம்ம வீட்டு முத்தா போவுது?"

"ஆஸ்பத்திரிச் சொத்து வே. நாலு போடும்."

இதைக் கேள்விப்பட்டு சிஸ்டர் கலங்கிப் போய் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் யோசித்தார். "ரெண்டு வார்டுலயும் பேரம் பேசுதாரா?"

"ஒரே மாதிரிதான் சார். ஆளு பார்க்கதில்ல."

"அப்ப விடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு குறையும். வித்தியாசம் மாறாது." இப்படி ஆள் பார்க்காமல் கறாராக இருக்கிற மனிதர் ஜில்லாவிலேயே கிடைக்க மாட்டார் என்றும் சொன்னார்.

சாரல் ஓய்ந்து, ஜன்னல்களில் வெயில் வந்த பிறகு, தில்லைநாயகம் கட்டில்வாரியாக எழுதிய கணக்கு நோட்டோடு, இரண்டு டப்பாக்களைப் பட்டுத்துணியில் மூடிக்கொண்டு வந்து டாக்டர் மேசையில் வைத்தார். இந்த முறை யார் முகமும் மறையவில்லை. கட்டு மாற்றுவதற்கும் ஊசிக்கும் கீழ வார்டு முத்து, மேல வார்டு முத்தில் பாதிகூட இல்லை. வாழைத்தோப்பைக் கந்தலாக்கிய அலிமாவின் கட்டில்களில்தான் எல்லாவற்றிலும் குறைவு.

யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் சிஸ்டர் சொன்னார். "எலும்பு முறிஞ்சவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார். அதுக்கு இதம் ஒண்ணும் செய்யல. பேச்சு கேட்டுக்கிட்டே வலியையும் பட்டிருக்காவ. அவுகளுக்கு மருந்துதான் வேணும்."

"ஜெயிச்சதை விட்டுட்டுத் தோத்ததை முதல்ல சொல்லுதியளே?"

"அதைச் சொல்லாம, நாளைக்கு என் பிள்ளைக மருந்து குடுக்க வேண்டிய எடத்துல முதுகு தடவிக்கிட்டு நின்னா?"

டாக்டர் கையிலிருந்த பென்சிலை வாயருகே கொண்டுபோய், கடிக்காமல் கீழே வைத்தார். "மருந்துக்குப் பதிலா இல்ல, மருந்தோட. அப்படின்னா எனக்குச் சம்மதம். வாரத்துல ஒருநாள், எல்லாப் பிள்ளைகளுக்கும். துணி ரூமுக்கு அண்ணாச்சி வேற ஆள் பார்த்துக்கிடட்டும்."

சிஸ்டர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் எங்கள் இருவர் தோளிலும் ஒவ்வொரு கையைப் போட்டுக்கொண்டு கூடம்வரை நடந்தார். அந்தக் கைகளின் பாரம் நல்ல பாரம்.

அறுபதுகள் முழுவதும் அவர் அந்த வகுப்பை எடுத்தார். நடுவில் வீரகேரளம்புதூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் அந்த மனிதருக்குத் தலைவலி. சிஸ்டர் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு அவர் எப்படி எழுந்து போவார்? சிஸ்டரிடம் படித்த பிள்ளைகள் எந்தெந்த ஊருக்கோ போனார்கள். எந்த ஊரிலாவது ஊசி போடுமுன் "போடப் போறேன், மூச்சு விடுங்க" என்று ஒரு நர்ஸ் சொன்னால், எங்கள் கூடத்துப் பிள்ளையோ என்று எனக்கு உடனே சந்தேகம் வரும்.

வகுப்பு நிலைத்ததும் நடந்த முதல் பாடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூடத்தின் நடுவில் ஒரு கட்டில். நோயாளியாகப் படுக்க ஆள் வேண்டும். வார்டிலிருந்து யாரையும் இழுத்துவர சிஸ்டருக்கு மனமில்லை. பாடம் எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்த டாக்டர், "நானே படுக்கேன், ரெண்டே நிமிஷம், ஓ.பி.யில கூட்டம் நிக்குது" என்று கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

ஷமீம் பானு அவர் முழங்காலுக்கு அடியில் சின்னத் தலையணை வைத்தாள். அலிமா கண்மேல் ஈரத்துணி போட்டாள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சு இழுக்கவும் விடவும் சொன்னார். ஓட்டுக் கூரையில் காற்று போய்வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், சொல்லாமலே டாக்டர் மூச்சை இழுத்தார், விட்டார். பிறகு அந்த மூச்சுக்குச் சத்தம் வந்தது. சத்தம் வளர்ந்து ஓடுகள் அதிரத் தொடங்கின.

யாருக்கும் எழுப்ப மனம் வரவில்லை. ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து, மேலகரம் பக்கம் நீண்டது. தில்லைநாயகம் வந்து எட்டிப் பார்த்தார். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கூடத்து வாசலுக்கு வந்தார். "டாக்டருக்கு என்ன சீக்கு தாயி?"

"ஒண்ணுமில்ல பெரியவரே" என்றேன். "பாடம் நடக்கு."

அவர் நம்பாமல் உள்ளே பார்த்தார். சிஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் குரல் இறங்கியிருந்தது. ஆனால் அது கோபத்தில் இறங்கிய குரல் அல்ல, தூங்குகிறவருக்காக இறங்கிய குரல். நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நெருங்கிக் குனிந்தோம்.

"இப்ப இவுக முழிச்சிராம, கழுத்துத் தலையணைய மாத்தணும்" என்றார். "யாரு வாறா?"